கிளேசியர் மேல ஒரு ராத்திரி: ஸ்கீ டூரிங் போயிட்டு வந்தேன், கேக்க வேண்டியதைக் கேளுங்க

வில்லாபுரத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், எழுதுனதே இல்ல. இப்ப திருவிழாவுக்கு லீவுல ஊருக்கு வந்திருக்கேன். மொட்டை மாடியில உக்காந்துதான் டைப் பண்றேன், மணி பத்தாச்சு இன்னும் தரை சுடுது. மூணு வாரத்துக்கு முன்னாடி இதே நேரம் மைனஸ் 18ல பனிக்கட்டிக்கு மேல படுத்துக் கெடந்தேன்னு சொன்னா எங்கம்மா "ஏன்டா, ரூம் வாடகை குடுக்க முடியலையா"ன்னு கேக்குது.

வேலை கனடாவுல, கால்கரி. அங்க குளிர் ஆறு மாசம், வீட்டுக்குள்ளயே கெடந்தா பைத்தியம் புடிச்சிரும்னு கூட வேலை பாக்குற ஒருத்தன் இழுத்துட்டுப் போயி ஸ்கீ, அதான் கால்ல நீளப் பலகையை மாட்டிப் பனியில சறுக்குறது, கத்துக் குடுத்தான், அஞ்சு வருசம் ஆச்சு. மொத வருசம் பூரா விழுந்தது மட்டும்தான். லிஃப்டுல ஏறி சறுக்கி இறங்குறது ஒரு ரகம். ஸ்கீ டூரிங்ங்கறது லிஃப்ட் கிடையாது, நம்மளே ஸ்கீயை மாட்டிக்கிட்டு மலை ஏறணும், அப்புறம் சறுக்கி இறங்கணும். ஏறுறதுக்கு ஸ்கீக்கு அடியில ஸ்கின்னு ஒண்ணு ஒட்டுவாங்க, நீளமான பட்டை, ஒரு பக்கம் பசை மறுபக்கம் முடி. அந்தக் காலத்துல கடல்நாய்த் தோலாம், இப்ப மொஹேர்ங்கற ஆட்டு முடி இல்லாட்டி நைலான். ஆட்டு முதுகைத் தடவிப் பாத்திருப்பீங்கல்ல, தலையில இருந்து வாலுக்குத் தடவுனா வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவுனா கை நிக்கும், அதே கதைதான். முன்னாடி வழுக்கும் பின்னாடி சறுக்காது. பூட்ஸோட குதிகால் ஏறும்போது தூக்கித் தூக்கி நடக்குற மாதிரி விட்டிருப்பாங்க, இறங்கும்போது பூட்டிக்கணும்.

போன எடம் கொலம்பியா ஐஸ்ஃபீல்டு. கால்கரில இருந்து கார்ல மூணு மணி நேரத்துக்கு மேல. நாங்க மூணு பேரு, கூட லைசென்ஸ் உள்ள கைடு ஒருத்தர், ஆக நாலு. ஏப்ரல் மொத வாரம். ஒரு ராத்திரி தங்கல், அங்க தேசியப் பூங்காவைப் பாத்துக்குற பார்க்ஸ் கனடாகிட்ட பெர்மிட் வாங்கிட்டுத்தான். கிளேசியர்ங்கறது மலையில இருந்து மெதுவா நகர்ந்து இறங்குற பனிக்கட்டி ஆறு; அத்தபாஸ்கா கிளேசியர்னு ஒண்ணு ரோட்டுல இருந்தே தெரியும், ஆறு கிலோமீட்டர் நீளம், அதுமேலயே ஏறி உச்சியில இருக்குற பெரிய பனி மைதானத்துக்குப் போயிரலாம். அந்தக் கிளேசியர் வருசா வருசம் பின்வாங்குது, எந்த வருசம் எதுவரைக்கும் இருந்துச்சுன்னு வழி நெடுக பலகை நட்டு வச்சிருக்காங்க. 1844ல இருந்து ஒன்றரை கிலோமீட்டர் போயிருச்சாம்.

காலையில அஞ்சு மணிக்கு தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு கெளம்புனோம். முதுகுல இருபது கிலோ. நாலு பேரையும் ஒரே கயித்துல கோத்து விட்டாரு கைடு, ஆளுக்கு ஆள் பத்து மீட்டருக்கு மேல இடைவெளி. ஏன்னா கிரவாஸ், கிளேசியர் ஐஸ்ல விழுந்த ஆழமான வெடிப்பு. கோடையில நம்ம கம்மாத் தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும் பாத்திருப்பீங்க, அந்த வெடிப்பை அம்பது அறுபது மடங்கு பெருசாக்கி மேல வெள்ளைத் துணியைப் போத்தி மூடி வச்சா எப்படியோ அப்படி. மேல நிக்குறவனுக்கு ஒண்ணுமே தெரியாது. அந்தத் துணி காலையில கெட்டியா இருக்கும், மத்தியானம் வெயில்ல எளகிரும், அதனாலதான் விடியுறதுக்கு முன்னாடியே கெளம்புறது.

நடுவுல ஒரு எடம், ராம்ப்னு சொல்றாங்க. வலது பக்கம் தலைக்கு மேல ஸ்னோ டோம் மலையோட தொங்கு ஐஸ், ஒவ்வொரு பாளமும் நம்ம ஊரு ரெண்டு மாடி வீடு சைஸு, எப்ப விழும்னு அதுக்கே தெரியாது. கைடு முன்னாடியே சொல்லிட்டாரு, இங்க ஃபோட்டோ கிடையாது, தண்ணி குடிக்கக் கூடாது, ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிக்கோ. அங்க நான் மூச்சு விட்ட சத்தம் எனக்கே அசிங்கமா இருந்துச்சு.

மேல போய்ச் சேந்தப்ப மணி ஒண்ணு. உயரம் ஏறக்குறைய 2,800 மீட்டர். தென்னிந்தியாவுலயே பெரிய மலை ஆனமுடி 2,695தான், அதைவிட மேல கூடாரம் போட்டுட்டேன்னு அப்ப ஒரு அல்ப சந்தோசம். அந்த சந்தோசம் பத்து நிமிசம் இருந்துச்சு. அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க வேலை, ராத்திரி எட்டரை வரைக்கும் குனிஞ்ச தலை நிமிரல.

மொதல்ல கூடாரம் போடுற எடத்தைச் சுத்தி நீளக் கம்பியால குத்திக் குத்திப் பாத்தாரு, அடியில பள்ளம் இருக்கான்னு. எல்லையில குச்சி நட்டாரு, இதைத் தாண்டி யாரும் கயிறு இல்லாம போகக் கூடாது. அப்புறம் ரம்பம் வச்சு பனியை செங்கல் செங்கலா அறுத்து காத்து வர்ற பக்கம் இடுப்பளவு சுவரு. டென்ட்டுக்கு ஆணி நிக்காது, பையில பனியை நெரப்பி புதைச்சு மிதிச்சு அதுல கயித்தைக் கட்டணும். சமைக்கத் தனியா ஒரு குழி, ஏன்னா டென்ட்டுக்குள்ள அடுப்பைப் பத்த வச்சா புகை விஷத்துல காலையில எந்திரிக்க மாட்டோம்.

எல்லாத்துலயும் பெரிய வேலை தண்ணி. சுத்தி எங்க பாத்தாலும் தண்ணிதான், ஒரு சொட்டு குடிக்க முடியாது. ஆளுக்கு நாலு லிட்டராவது வேணும். நான் பாட்டுக்கு சட்டி நெறைய பனியை அள்ளிப் போட்டு அடுப்புல வச்சேன், கைடு கத்துனாரு. அடியில கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுத்தான் பனியைப் போடணுமாம், இல்லாட்டி அடிப்பிடிச்சிரும். பனி அடிப்பிடிக்குமாய்யான்னு சிரிச்சேன். பிடிச்சிருச்சு. அந்தத் தண்ணி பூரா கருகுன வாடை, அதைத்தான் ராத்திரி முழுக்கக் குடிச்சேன். பொடிப்பனி ஒரு சட்டி உருகுனா அடியில ஒரு டம்ளர் நிக்கும், திரும்ப அள்ளு, திரும்பப் போடு. மூணு மணி நேரம் இதான்.

இன்னொண்ணு, நான் கொண்டு போனது கேஸ் டப்பா அடுப்பு. சாயங்காலம் நல்லா எரிஞ்சது, இருட்டுனதும் கார்த்திகை விளக்கு மாதிரி ஆயிருச்சு. உள்ள இருக்குற பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குக் கீழ போனா ஆவியாக மாட்டேங்குது, டப்பாவைத் தூக்கிப் பாத்தா பாதி கனம் இருக்கு, நெருப்பு இல்ல. கைடு திரவ எரிபொருள் அடுப்பு வச்சிருந்ததால பொழச்சோம்.

மறுநாள் கதை தனி, அதுல ஒரு சொதப்பலும் இருக்கு. கை வலிக்குது, அப்புறம் எழுதுறேன்.

ஜிகர்தண்டா_பிரியன்:
அண்ணே கீழவாசல் ஐஸ் கம்பெனியில ஒரு ராத்திரி படுத்திருந்தா இம்புட்டு செலவே ஆயிருக்காதே 😂 லந்துக்குச் சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. பனி அடிப்பிடிக்கும்னு இன்னைக்குத்தான் தெரியும். மறுநாள் கதையைப் போடுங்க சீக்கிரம்.

சிம்மக்கல்_அண்ணாச்சி:
தம்பி நல்லா எழுதிருக்கீங்க. ஆனா ஒரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல என்ன சொகம்? காசு குடுத்து, முதுகுல இருபது கிலோ தூக்கி, தலைக்கு மேல விழப் போற ஐஸுக்கு அடியில ஓடி, கருகுன தண்ணி குடிச்சு... எங்க கடையில மூட்டை தூக்குற ஆளுக்கு சாயங்காலம் கூலி உண்டு.

வில்லாபுரத்தான்:
அண்ணாச்சி நியாயமான கேள்விதான், பதில் எனக்கும் சரியா தெரியல. மறுநாளைச் சொல்றேன், அதுல ஏதாவது தட்டுப்படுதான்னு பாருங்க.

விடியக்காலை நாலரைக்கு எழுப்பி விட்டாரு. சுமையை டென்ட்டுலயே போட்டுட்டு ஸ்னோ டோம் உச்சிக்கு, 3,456 மீட்டர். இருபது நிமிசம் ஏறிருப்போம், என் இடது ஸ்கீயோட ஸ்கின் பொத்துனு கழண்டு விழுந்துச்சு. ஒட்டுனேன், பத்தடியில திரும்ப விழுந்துச்சு. காரணம் நான்தான். ராத்திரி களைப்புல ஸ்கின்னைச் சுருட்டி டென்ட் வாசல்ல போட்டுட்டுப் படுத்துட்டேன், மத்தவங்க எல்லாம் தூக்கப் பைக்குள்ள வச்சுப் படுத்தாங்க. பசை குளிர்ல விறைச்சு, அதுமேல பொடிப்பனி வேற ஒட்டி, பழைய ஸ்டிக்கர் மாதிரி ஆயிருச்சு. கைடு ஒரு வார்த்தை திட்டல, அதான் ரொம்ப வலிச்சது. கையுறையைக் கழட்டி பசையில இருந்த பனியைத் தொடச்சாரு, ஸ்கின்னை என் சட்டைக்குள்ள நெஞ்சோட வச்சு சூடு பண்ணச் சொன்னாரு, அப்புறம் ஒட்டி மூணு எடத்துல ரப்பர் வார் போட்டு இறுக்குனாரு. முப்பத்தஞ்சு நிமிசம் போச்சு. நாலு பேரும் நின்ன எடத்துல நின்னோம், கூட வந்த ஒருத்தனுக்கு கால் விரல் மரத்துப் போச்சு, என்னாலதான். நல்லவேளை நடக்க ஆரம்பிச்சதும் திரும்பிருச்சு.

உச்சியில நிக்கும்போது கைடு ஒண்ணு காட்டுனாரு. அந்த மலையில விழுற பனி உருகுனா மூணு பக்கம் பிரியுது. ஒரு பக்கம் கொலம்பியா ஆறு வழியா பசிபிக், ஒரு பக்கம் அத்தபாஸ்கா ஆறு வழியா வடக்க ஆர்க்டிக், இன்னொரு பக்கம் சஸ்காச்சுவான் ஆறு வழியா ஹட்சன் விரிகுடா. ஒரே மலை, மூணு கடலு. எனக்கு அப்ப ஞாபகம் வந்தது நம்ம வைகைதான் அண்ணாச்சி. வருசநாட்டுல பொறந்து ராமநாதபுரம் பெரிய கம்மாயில போய் படுத்துக்குது, ஒரு கடலைப் பாக்கவே அதுக்குப் பெரும்பாடு. சிரிப்பு வந்துச்சு, கைடுக்கு ஏன் சிரிக்கிறேன்னு சொல்லிப் புரிய வைக்க முடியல.

இறங்குனது நாலு மணி நேரம் ஏறுனதுக்கு இருபது நிமிசம். அதைப் பத்தி எழுதுறதுக்கு ஒண்ணும் இல்ல, எழுத முடியாது.

ஊருக்கு வந்தப்ப மூக்குக்கு அடியில, மூக்குத் துவாரத்துக்குள்ள எல்லாம் தோல் உரிஞ்சிருந்துச்சு. நம்ம கருப்புத் தோலு, மதுரை வெயில்ல வளந்த உடம்பு, நமக்கு எதுக்கு கிரீமுன்னு கெத்தா இருந்துட்டேன். பனி மேல விழுற புற ஊதாக் கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திரும்பி மேல அடிக்குமாம். வெயில் கீழ இருந்து வரும்னு நம்ம ஊர்ல யாருக்குத் தெரியும். கண்ணாடியை மட்டும் கழட்டல, கழட்டிருந்தா ரெண்டு நாள் கண்ணைத் தொறந்திருக்க முடியாது.

திருமங்கலத்துப்பொண்ணு:
அண்ணா எல்லாரும் மலையைப் பத்திக் கேப்பாங்க, நான் நடைமுறையைக் கேக்குறேன். பாத்ரூம் எப்படி? உங்க டீம்ல பொண்ணுங்க இருந்தாங்களா? நான் கொடைக்கானல் பக்கம் ட்ரெக் போனப்பவே அதுதான் பெரிய தலைவலி, ஆம்பளைங்க யாரும் இதை எழுதவே மாட்டாங்க.

வில்லாபுரத்தான்:
நல்ல கேள்விம்மா. எங்க நாலு பேர்ல ஒருத்தங்க பொண்ணு, இந்த விசயத்துல அவங்கதான் எங்களுக்கு வாத்தியார். குச்சி நட்ட எல்லைக்குள்ளயே ஒரு மூலையில நெஞ்சளவு பனிச்சுவரு கட்டி அதுதான் பாத்ரூம், எல்லைக்கு வெளிய போக முடியாது. ரெண்டாவது வேலைக்கு கெட்டியான பை, கட்டி முதுகுல போட்டு கீழ கொண்டு வரணும், அங்கயே புதைக்கக் கூடாது, ஏன்னா ஐஸ்ல எதுவும் மக்காது, அப்படியே நகர்ந்து நகர்ந்து ஒருநாள் கீழ ஆத்துக்குள்ள வந்து நிக்கும். ராத்திரி ஒண்ணுக்கு வந்தா வெளிய போகாம பாட்டில்ல, பொண்ணுங்களுக்கு அதுக்குன்னே புனல் மாதிரி விக்குறாங்க, அவங்க வீட்டுலயே குளிக்கும்போது பத்து தடவை பழகிட்டுத்தான் வந்தேன்னு சொன்னாங்க. மாதவிலக்கு நேரமா இருந்தா அதுக்கான சாமானையும் உள்சட்டைக்குள்ள வச்சுக்கணும், ஈரத் துடைப்பான் எல்லாம் கல்லா உறைஞ்சிரும். பாட்டில் ரெண்டுக்கும் வேற வேற மூடி இருக்கட்டும், இருட்டுல தடவும்போது தெரியணும். ஏன்னு கேக்காதீங்க.

உசிலை_ஹவில்தார்:
வணக்கம். தம்பி எழுதுனதைப் படிச்சதும் பழசெல்லாம் கெளம்பிருச்சு. நான் மெட்ராஸ் ரெஜிமென்ட், 2009ல ரிட்டயர்டு. சியாச்சின்ல ஒரு டேர்ம் இருந்திருக்கேன். எங்களுக்கு அது விளையாட்டு இல்ல, சம்பளம், அதனால அண்ணாச்சி கேட்ட கேள்வி எனக்கு இல்ல.

ஆனா வேலை ஒண்ணுதான். கயித்துல கோத்து நடக்குறது, கம்பியால குத்திப் பாக்குறது, பனியை உருக்கிக் குடிக்கிறது எல்லாம் அதே. எங்க சுபேதார் சாப் ஒருத்தரு, வடக்கத்தி ஆளு, தினமும் ராத்திரி ஒவ்வொருத்தன் காலையும் டார்ச் அடிச்சுப் பாப்பாரு. சாக்ஸ் காஞ்சதான்னு தொட்டுப் பாப்பாரு. எங்களுக்குக் கூச்சமா இருக்கும், அவரு விட மாட்டாரு. ஈர சாக்ஸோட படுத்தவனுக்கு விரல் போகும். வெறுங்கையால இரும்பைத் தொடாத, தோல் ஒட்டிக்கும். தண்ணி பாட்டிலைத் தலைகீழா வைங்க, ஐஸ் மேல இருந்துதான் கட்டும், தலைகீழா வச்சா மூடிப் பக்கம் உறையாது. இதெல்லாம் சின்ன விசயம். ஆனா அங்க சின்ன விசயத்துலதான் ஆளு போறது.

மேல ஏத்துறதுக்கு முன்னாடி எங்களை நிறுத்தி நிறுத்திதான் கொண்டு போவாங்க. 9,000 அடியில இருந்து 12,000 வரைக்கும் ஆறு நாள், 12,000ல இருந்து 15,000 வரைக்கும் நாலு நாள், அதுக்கு மேல இன்னொரு நாலு நாள். எவ்வளவு அவசர டியூட்டியா இருந்தாலும் இதைக் குறைக்க மாட்டாங்க.

2016 பிப்ரவரி 3ந் தேதி சியாச்சின் சோனம் போஸ்ட்ல ஐஸ் சரிஞ்சு எங்க ரெஜிமென்ட் ஆளுக பத்து பேரு உள்ள போனாங்க. அதுல நம்ம மதுரை மாவட்டத்துப் பையனும் ஒருத்தர். ஆறாவது நாள் ஒருத்தரை மட்டும் உயிரோட எடுத்தாங்க, லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா, கர்நாடகா. அவரும் 11ந் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில தவறிட்டாரு. நான் வீட்டுல டிவி முன்னாடியே உக்காந்திருந்தேன், சோறு எறங்கல. அதனால யாராவது இதை ஜாலியா எழுதுனா எனக்குக் கொஞ்சம் கோவம் வரும். வில்லாபுரத்து தம்பி அப்படி எழுதல, ஸ்கின்னைப் போட்டுட்டுப் படுத்ததை ஒளிக்காம எழுதிருக்காரு, அதனாலதான் பதில் போடுறேன்.

கேகேநகர்_ட்ரெக்கர்:
ஐயா சல்யூட் 🙏 அண்ணே பதிவு வேற லெவல். நாங்க ஃபிரண்ட்ஸ் நாலு பேரு வர்ற பிப்ரவரியில மணாலி போறோம், டிக்கெட் பாத்துட்டு இருக்கோம். சோலாங்ல ஸ்கீ வாடகைக்கு கெடைக்குதுல்ல, அதை எடுத்துட்டு மேல ஏறி ஒரு நைட் டென்ட் போட்டு இறங்கலாம்னு பிளான். கைடு எல்லாம் ரொம்ப கேக்குறாங்க, வீடியோ நெறைய பாத்திருக்கோம், ரூட் ஆப்ல டவுன்லோடு பண்ணியாச்சு. குமாரபர்வதா, அகஸ்தியமலை, மேகமலை எல்லாம் முடிச்ச டீம் நாங்க, ஸ்டாமினா பிரச்சினை இல்ல. என்னென்ன சாமான் வாங்கணும்னு மட்டும் லிஸ்ட் குடுங்கண்ணே.

சிம்மக்கல்_அண்ணாச்சி:
அடேய் தம்பி. நான் மலையைப் பத்தித் தெரியாதவன், ஆனா 2018 மார்ச் 11 எனக்கு மறக்காது. குரங்கணி. போடி பக்கத்துல, நம்ம வீட்டுக் கொல்லைன்னு நெனச்ச மலை. இருபதுக்கு மேல புள்ளைங்க. தீக்காயத்தோட பாதிப் பேரை இங்க பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தாங்க, அன்னைக்கு ராத்திரி பனகல் ரோட்டுல ஆம்புலன்ஸ் சத்தம் நிக்கவே இல்ல. அவங்களும் ஸ்டாமினா உள்ள புள்ளைங்கதான். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க, இங்க அந்த ஆழம் மேல வெள்ளைத் துணி வேற போத்திருக்குன்னு இவரே எழுதிருக்காரு, அப்புறமும் சாமான் லிஸ்ட் கேக்குற.

கேகேநகர்_ட்ரெக்கர்:
அண்ணாச்சி அது காட்டுத்தீ, இது பனி, ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடுறீங்க. எல்லாத்துக்கும் பயந்தா மாட்டுத்தாவணியைத் தாண்ட முடியாது.

டாக்டரம்மா_அண்ணாநகர்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், உயரத்தைப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன். வில்லாபுரத்தான் படுத்தது 2,800 மீட்டர். இமயமலையில இதே மாதிரி கிளேசியர் கேம்ப்னா 4,000, அதுக்கு மேல. 4,000ல ஒரு மூச்சுக்குக் கெடைக்கிற ஆக்சிஜன் கடல்மட்டத்துல கெடைக்கிறதுல ஏறக்குறைய 60 சதவீதம்தான். இதுக்கும் ஸ்டாமினாவுக்கும் சம்பந்தமே கிடையாது, மாரத்தான் ஓடுறவனுக்கும் உயரத்தால வர்ற நோய் வரும், சொல்லப்போனா வேகமா ஏறிடுறதால அவங்களுக்குத்தான் சீக்கிரம் வருது. 3,000க்கு மேல போனா தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்க, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு நாள் அதே எடத்துல தங்குங்க. ஹவில்தார் ஐயா சொன்ன ராணுவ முறையும் இதுதான், இன்னும் நிதானமா.

தலைவலி, வாந்தி வந்தா மேல ஏறாதீங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல்ல நுரை வருது, இல்லாட்டி குடிச்சவன் மாதிரி கால் பின்னுதுன்னா ராத்திரியோ பகலோ உடனே கீழ இறக்கணும், விடியட்டும்னு பாக்கக் கூடாது. நுரையீரல்லயோ மூளையிலயோ நீர் கோக்குது, காலைக்குள்ள ஆளு இருக்க மாட்டாங்க. இப்ப யோசிங்க, கிளேசியர் மேல ராத்திரி ரெண்டு மணிக்கு கயிறும் தெரியாம வழியும் தெரியாம ஒருத்தனை எப்படி இறக்குவீங்க? அசிட்டசோலமைடு மாத்திரை உதவும், ஆனா டாக்டரைப் பாத்துட்டுப் போடுங்க, சல்ஃபா அலர்ஜி இருக்குறவங்க முக்கியமா. மாத்திரை போட்டாச்சுன்னு வேகமா ஏறுறது இன்னும் மோசம்.

வில்லாபுரத்தான்:
டாக்டர் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா ட்ரெக்கர் தம்பிக்கு சாமான் பக்கம் இருந்து பதில் சொல்றேன், கேட்டதே அதைத்தான்.

மொத விசயம், டூரிஸ்ட் எடத்துல வாடகைக்குக் கெடைக்கிற ஸ்கீ பெரும்பாலும் இறங்குறதுக்கு மட்டும் செஞ்சது, குதிகால் பூட்டியே இருக்கும், அதை வச்சு அம்பது அடி ஏறிப் பாரு, தொடை எரிஞ்சு நீயே கழட்டி தோள்ல வச்சுக்குவ. டூரிங் பைண்டிங், அதான் பூட்ஸை ஸ்கீயோட பிணைக்குற பூட்டு, வேற, அதுக்கான பூட்ஸ் வேற, ஸ்கின் அந்த ஸ்கீ அகலத்துக்கு வெட்டுனதா இருக்கணும். சரி, அதெல்லாம் காசு குடுத்து வாங்கிட்டன்னே வை.

ரெண்டாவது பனிச்சரிவு. பிப்ரவரின்னு சொன்ன பாரு, புதுப்பனி குவியுற மாசம். பெரும்பாலான சரிவு 30ல இருந்து 45 டிகிரி சாய்மானத்துலதான் வருது, ஸ்கீ பண்ண ஆசையா இருக்குற சாய்மானமும் அதேதான், அங்கதான் சூது. 2023 பிப்ரவரியில குல்மார்க் அஃபர்வட் மலையில ரெண்டு போலந்து ஸ்கீயர்கள் அப்படித்தான் செத்தாங்க, பனியிலயே பொறந்து வளந்த ஊர்க்காரங்க. ஒவ்வொருத்தர் நெஞ்சுலயும் ஒரு டிரான்ஸீவர் கட்டிருக்கணும், 457 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் விடும், புதைஞ்சவனை மத்தவன் அதை வச்சுத் தேடணும். கூட கம்பி, மம்பட்டி. மூணும் எல்லார்கிட்டயும் இருக்கணும், ஏன்னா மம்பட்டி வச்சிருந்தவனே உள்ள போயிட்டா? பத்து நிமிசத்துக்குள்ள எடுத்தாத்தான் ஆளுன்னு இப்ப சொல்லிக் குடுக்குறாங்க. வெளியில இருந்து யாரும் பத்து நிமிசத்துல வர மாட்டாங்க, நீங்க நாலு பேருதான். சரிஞ்சு நின்ன பனி பஞ்சு மாதிரி இருக்காது தம்பி, கான்கிரீட் மாதிரி இறுகிரும். ட்ரெய்னிங்ல நான் ஒரு மீட்டர் ஆழத்துல புதைச்ச பையைத் தேடி எடுக்க மொத தடவை பதினேழு நிமிசம் ஆச்சு. வாத்தியார் வாட்சைப் பாத்துட்டு ஒண்ணுமே பேசாம அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு.

உன்னை வராதன்னு சொல்லல. பிப்ரவரியில மணாலிக்கே போ, ஆனா அந்த ரெண்டு வாரத்தை அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்றப் பயிற்சி நிலையத்து ஸ்கீ கோர்ஸ்ல போடு, சோலாங்லயே கத்துக் குடுக்குறாங்க. குல்மார்க்ல இந்திய ஸ்கீயிங் மலையேற்ற நிலையம் இருக்கு. கிளேசியர், கயிறு, ஐஸ் வேலை கத்துக்கணும்னா உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம், டார்ஜிலிங்ல ஹிமாலயன் நிலையம் ரெண்டுலயும் அடிப்படைக் கோர்ஸ் ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் கம்மி. அரசாங்க நிலையங்க, கைடுக்குக் குடுக்குற காசை ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. ஆனா எடம் சீக்கிரம் நெரம்பிரும், இப்பவே அப்ளை பண்ணணும்.

ஜிகர்தண்டா_பிரியன்:
சீரியஸா போயிட்டு இருக்கு, நடுவுல நான் ஒரு முக்கியமான கேள்வி கேக்குறேன். சாப்பாடு??

வில்லாபுரத்தான்:
நீதான்யா சரியான ஆளு. ஆசை ஆசையா புளியோதரை கட்டிட்டுப் போனேன். மத்தியானம் பொட்டலத்தைப் பிரிச்சா செங்கல். கடலைப் பருப்பைக் கடிச்சு பல்லு தப்பிச்சதே பெருசு. அங்க தண்ணி 90 டிகிரி பக்கமே கொதிச்சிரும், அரிசியை வேக வைக்க உக்காந்தா கேஸ் தீந்துரும். ரவையை நெய்யில வறுத்து கடுகு, கறிவேப்பிலை, முந்திரி எல்லாம் தாளிச்சு வீட்டுலயே பொட்டலம் போட்டுட்டுப் போனது மட்டும் உருப்படியா வேலை செஞ்சது, சுடுதண்ணி ஊத்தி மூடுனா அஞ்சு நிமிசத்துல உப்புமா. உப்புமாவைப் பாத்து சந்தோசப்பட்டது வாழ்க்கையிலயே அன்னைக்குத்தான். கைடுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தேன், இன்னொரு கிண்ணம் கேட்டாரு. படுக்கும்போது கடலைமிட்டாய் ரெண்டு தின்னுட்டுப் படு, செரிக்கிற சூட்டுல ராத்திரி உடம்பு கொஞ்சம் தாங்கும். மிட்டாயை உள்சட்டைப் பையில வச்சுக்க, வெளிய இருந்தா சுத்தியல் வேணும்.

திருமங்கலத்துப்பொண்ணு:
தூக்கம் வந்துச்சா அண்ணா?

வில்லாபுரத்தான்:
விட்டு விட்டு வந்துச்சும்மா. தூக்கப் பைக்குள்ள நான் மட்டுமா படுத்தேன், பூட்ஸோட உள்உறை, கையுறை, கேமரா பேட்டரி, கேஸ் டப்பா, சுடுதண்ணி பாட்டில், ஸ்கின்னைத் தவிர எல்லாரும் இருந்தாங்க. ராத்திரி அடியில ஐஸ் வெடிக்கிற சத்தம் கேக்கும், தூரத்துல அணுகுண்டுப் பட்டாசு போட்டா நெஞ்சுக்குள்ள கேக்குமே அந்த மாதிரி, காதுல இல்ல முதுகுல கேக்கும். மொத தடவை எந்திரிச்சு உக்காந்துட்டேன். பக்கத்துல கைடு குறட்டை விட்டுட்டு இருந்தாரு, சரி அவருக்கே கவலை இல்லைன்னா நமக்கென்னன்னு படுத்துட்டேன்.

கேகேநகர்_ட்ரெக்கர்:
ராத்திரி பூரா படிச்சேன் எல்லாத்தையும். ஃபிரண்ட்ஸ் குரூப்லயும் போட்டேன், ரெண்டு பேரு கோர்ஸ்க்கு ஓகே, ஒருத்தன் இதெல்லாம் வயசானவங்க பயம்ங்கறான். அவனை என்ன பண்றதுன்னு தெரியல, டென்ட் அவனுதுதான். ஹவில்தார் ஐயா, கிரவாஸ்ல ஒருத்தர் விழுந்தா கயித்துல அவரே ஏறி வர்ற முடிச்சு ஒண்ணு இருக்காமே, புரூசிக்னு வீடியோவுல பாத்தேன், அது நெசமாவே நிக்குமா? பாக்க நூல் சுத்துன மாதிரி இருக்கு.

உசிலை_ஹவில்தார்:
நிக்கும். கனம் விழுந்தா கடிக்கும், கனத்தை எடுத்தா நகரும். ஆனா கையுறையோட, கண்ணை மூடிக்கிட்டு, ஒரு நிமிசத்துல போடத் தெரியணும், வீடியோவுல பாத்தது அங்க ஞாபகம் வராது. நான் அழகர் ஆத்துல எறங்குறதைப் பாக்க மதுரைக்கு வர்றேன், கோரிப்பாளையத்துல தம்பி வீட்டுல ரெண்டு நாள் இருப்பேன். வாசல்ல வேப்பமரம் இருக்கு. நீயும் வா, டென்ட் வச்சிருக்கானே அந்தப் பயலையும் கூட்டிட்டு வா. மரத்துல அவனைத்தான் மொதல்ல தொங்க விடணும்.

வில்லாபுரத்தான்:
ஐயா நானும் வரட்டுமா? 11 மில்லிமீட்டர் மெயின் கயிறு டவுன்ல கெடைக்கலன்னாலும் எங்கிட்ட 6 மில்லி சின்னக் கயிறு ரெண்டு துண்டு பையில இருக்கு, இடுப்புப் பட்டையும் ஒண்ணு இருக்கு.

உசிலை_ஹவில்தார்:
வா தம்பி. மெயின் கயிறு எங்கிட்ட இருக்கு. எல்லாரும் கம்பளிக் கையுறை கொண்டு வாங்க, வெயிலைப் பாக்காதீங்க.

ஜிகர்தண்டா_பிரியன்:
சித்திரை வெயில்ல கையுறை போட்டு வேப்பமரத்துல தொங்குறதை நான் வந்து பாக்காம இருப்பேனா. மோர் என் பொறுப்பு.